பழைய ஜாகுவாரின் எண்கள் சொல்வது

பழைமையான விளையாட்டுக் கார் ஒன்றை வாங்கிப் புதுப்பிக்க விழைபவரிடம் விற்பவர் முதலில் கூறுவது பெரும்பாலும் ஒன்றே: 'எல்லாம் ஒரிஜினல்.' இந்த ஒரு சொல்லால் விலை கணிசமாக உயர்கிறது. ஆகவே, பணம் கைமாறும் முன் அதனைச் சோதித்தறியும் வழியை நாம் தெரிந்துகொள்வது நன்று. 1961இல் அறிமுகமான ஜாகுவார் இ-டைப் காரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

இக்காருக்குச் சேசிஸ், எஞ்சின், உடற்கூடு, கியர்பாக்ஸ் என நான்கு எண்கள் உண்டு. எஞ்சின் அறையிலுள்ள சிறு தகட்டில் இவை நான்கும் காணப்படும். ஆனால் அத்தகடு புதிதாகவே விற்பனைக்குக் கிடைக்கும் பொருள். எனவே தகட்டை நம்பாமல் உலோகத்தையே பார்க்க வேண்டும். ஆறு சிலிண்டர் கார்களில் எஞ்சின் எண், சிலிண்டர் பிளாக்கில் எண்ணெய் வடிகட்டிக்கு மேலேயும், சிலிண்டர் ஹெட்டின் முன்பகுதியிலும் பொறிக்கப்பட்டிருக்கும். எண்ணின் இறுதியில் வரும் 8 அல்லது 9 அமுக்க விகிதத்தைக் குறிக்கும். சேசிஸ் எண் இருப்பது முன்சட்டத்தில். இச்சட்டம் உடற்கூட்டுடன் போல்ட்டுகளால் இணைக்கப்பட்டது. விபத்துக்குப்பின் அதனை மாற்றியிருந்தால் மூல எண்ணும் அதனுடன் போயிருக்கும்.

எண்ணைச் சுற்றி அரைத்த தடங்கள், ஒரே வரிசையில் வேறுபடும் எழுத்துருக்கள், சீரற்ற ஆழம் ஆகியவை பின்னாளில் பொறித்ததற்கான அறிகுறிகள். ஜாகுவாரின் பாரம்பரிய அறக்கட்டளை, தொழிற்சாலைப் பதிவேடுகளின் அடிப்படையில் சான்றிதழ் வழங்குகிறது. நான்கு எண்களையும் அதனோடு ஒப்பிடுவதே உறுதியான வழி.

வார்ப்பில் புடைத்து நிற்கும் எண் வேறு. உதிரிப்பாகப் பட்டியலின் எண் வேறு. முன்னது அச்சின் எண் மட்டுமே. இவை இரண்டும் ஒத்துவராததைக் கண்டு நல்ல பாகத்தைக் கழித்துவிடுவோரும் உண்டு. எஸ்.யு. கார்புரேட்டரின் மிதவைக் கலத் திருகில் ஓர் எண்வில்லை தொங்கும். கழற்றும்போது முதலில் தொலைவது அதுதான். லூகாஸ் மின்பாகங்களில் தயாரிப்புக் காலம் பொறிக்கப்பட்டிருக்கும். டிரிப்ளெக்ஸ் கண்ணாடியிலோ எழுத்துகளை ஒட்டிய புள்ளிகள் ஆண்டின் கடைசி இலக்கத்தையும் காலாண்டையும் காட்டும். பாகத்தின் காலம் கார் தயாரான நாளுக்குச் சற்று முந்தியிருப்பதே இயல்பு. பிந்தியிருந்தால் அது மாற்றப்பட்ட பாகம். அதில் மோசடி ஏதுமில்லை, எனினும் விலையில் அது தெரிய வேண்டும்.

இவற்றையெல்லாம் மணல்வீச்சுக்கும் வண்ணப்பூச்சுக்கும் முன்பே புகைப்படம் எடுத்துவிட வேண்டும். பொறித்த எண்களுக்கு, வாகனப் பரிசோதனையில் நாம் காண்பது போலவே, தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்த படி சிறந்தது.

2021ஆம் ஆண்டு விதிகளின்படி, முதற்பதிவிலிருந்து 50 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வாகனத்தைப் பழைமை வாகனமாகப் பதிவுசெய்யலாம். கட்டணம் 20,000 ரூபாய். பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும். எண் பலகையில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் இடம்பெறும். ஆனால் சேசிஸ், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெருமாற்றம் செய்யப்படாமல் வாகனம் மூலவடிவில் இருத்தல் வேண்டும். பதிவுச் சான்றிலுள்ள எண்ணும் உலோகத்திலுள்ள எண்ணும் வேறுபட்டால், முன்பணம் அளிக்கும் முன்பே விற்பவர் அதனைப் பதிவு அலுவலகத்தில் சரிசெய்து தருமாறு கேட்க வேண்டும்.