வாசலைப் பூட்டும் நாம் ரவுட்டரைப் பூட்டுகிறோமா?

வெள்ளகோவிலில் விசைத்தறிக்கூடமோ எண்ணெய் ஆலையோ நடத்தும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். வீட்டு வாசலில் ஒரு கேமரா, தறிக்கூடத்தில் இரண்டு. துபாயில் இருக்கும் மகன் அங்கிருந்தே செல்போனில் வாசலைப் பார்த்துக்கொள்கிறார். ஜி.எஸ்.டி. பில், நூல் வரவு, கூலி பாக்கி எல்லாம் ஆபீஸ் அறையில் உள்ள ஒரே கம்ப்யூட்டரில் இருக்கின்றன. பிள்ளைகளின் பாடமும் அம்மாவின் வாட்ஸ்அப்பும் அதே வைஃபையில்தான். இரவில் வாசல் கதவை இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டுத் தூங்கப் போகும் நாம், இவை அனைத்தும் வந்து போகும் ரவுட்டரை ஒரு முறையாவது சோதித்திருக்கிறோமா? இணைப்பு கொடுத்தவர் மாட்டிவிட்டுப் போன நாளோடு அதை மறந்துவிட்டோம்.

"நம் வீட்டை யார் குறிவைக்கப் போகிறார்கள்?" என்று பலர் கேட்கிறார்கள். யாரும் தனியாகக் குறிவைக்கத் தேவையில்லை. இணையத்தில் உள்ள முகவரிகளை வரிசையாகத் தட்டிப் பார்ப்பது மனிதர்கள் அல்ல, நிரல்கள். எந்தக் கதவு திறந்திருக்கிறதோ அதற்குள் அவை நுழைந்துவிடும்.

2016-ல் பரவிய 'மிராய்' இதற்குச் சரியான உதாரணம். அந்த நிரலிடம் தயாரிப்பாளர்கள் வைத்து அனுப்பும் பயனர் பெயர், பாஸ்வேர்டு ஜோடிகள் அறுபதுக்கு மேல் இருந்தன. 'அட்மின், அட்மின்' போன்ற எளிய சொற்கள்தான். அவற்றை வைத்தே உலகெங்கும் லட்சக்கணக்கான கேமராக்களையும் ரவுட்டர்களையும் அது பிடித்தது. அக்டோபர் 21, 2016 அன்று அந்தக் கருவிகள் சேர்ந்து 'டின்' என்ற நிறுவனத்தைத் தாக்கியதில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்கள் பல மணி நேரம் முடங்கின. அந்தக் கேமராக்களின் உரிமையாளர்களில் பெரும்பாலோருக்கு எதுவும் தெரியாது. அவர்கள் வீட்டில் கேமரா வழக்கம்போல ஓடிக்கொண்டுதான் இருந்தது.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. மிராய் பிடித்த கருவிகளுக்குள் ஓடியது லினக்ஸ். 1969-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பிறந்த யுனிக்ஸைப் பின்பற்றி 1991-ல் உருவானது அது. நம் வீட்டு ரவுட்டர்களிலும் கேமராப் பெட்டிகளிலும் பெரும்பாலும் ஓடுவது அதுவே. ஆக, நாம் வாங்காவிட்டாலும் நம் வீட்டில் ஒரு சின்ன சர்வர் இருக்கிறது. அதை நிர்வகிக்கும் பொறுப்பும் நம்முடையதே.

பயர்வால் என்ன செய்கிறது?

ஒரு கம்ப்யூட்டரில் 65,535 'போர்ட்'கள் உள்ளன. ஒவ்வொன்றும் ஒரு கதவு என்று வைத்துக்கொள்ளலாம். இணையப் பக்கங்களுக்கு 443, லினக்ஸ் சர்வரைத் தூரத்திலிருந்து இயக்க 22, விண்டோஸ் திரையைத் தூரத்திலிருந்து பார்க்க 3389. பயர்வால் என்பது வாசலில் நிற்கும் காவலாளி. நாம் உள்ளிருந்து கேட்டதற்கு வரும் பதிலை உள்ளே விடும். நாம் அழைக்காமல் வெளியிலிருந்து வருவதைத் தடுக்கும். காவலாளி சரியாக இருந்தாலும், நாமே ஒரு கதவைத் திறந்து வைத்துவிட்டால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

நம் பகுதித் தொழில்களில் அடிக்கடி நடக்கும் தவறு இதுதான். வீட்டிலிருந்தே டேலி கணக்கைப் பார்க்க வேண்டும் என்று நிலையான ஐ.பி. முகவரி வாங்கி, 3389-ஐ வெளியே திறந்து விடுகிறார்கள். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் கும்பல்கள் முதலில் தேடும் கதவுகளில் அதுவும் ஒன்று. வெளியிலிருந்து பார்த்தே ஆக வேண்டும் என்றால் வி.பி.என். வழியாக மட்டும் பாருங்கள்.

ஒரே அறையில் எல்லாவற்றையும் வைக்காதீர்கள்

2019-ல் கூடங்குளம் அணுமின் நிலையத்தில் ஒரு கணினியில் தீநிரல் புகுந்ததை இந்திய அணுமின் கழகம் அக்டோபர் 30 அன்று ஒப்புக்கொண்டது. அது நிர்வாகப் பணிக்காக இணையத்துடன் இணைந்திருந்த கணினி. முக்கியமான உள் நெட்வொர்க் தனியாகப் பிரிக்கப்பட்டிருந்ததால் நிலையத்தின் இயக்கம் பாதிக்கப்படவில்லை என்று கழகம் விளக்கியது.

நவம்பர் 2022-ல் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் நடந்தது இதற்கு நேர்மாறு. ஐந்து சர்வர்கள் பாதிக்கப்பட்டன, சுமார் 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டது. நோயாளிகளின் பதிவை நாள்கணக்கில் கையால் எழுதும் நிலை வந்தது. நெட்வொர்க்கைச் சரியாகப் பிரிக்காததே காரணம் என்று அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது.

நம் வீட்டுக்கும் இதே பாடம்தான். கேமராவும் ஸ்மார்ட் டி.வி.யும் விருந்தினர் வைஃபையில் இருக்கட்டும். கணக்குக் கம்ப்யூட்டர் தனி வைஃபையில் இருக்கட்டும். பல ரவுட்டர்களில் 'கெஸ்ட் நெட்வொர்க்' வசதி இருக்கிறது.

ரவுட்டரில் செய்ய வேண்டியவை

1. ரவுட்டருக்குள் நுழையும் அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். வைஃபை பாஸ்வேர்டு வேறு, இது வேறு. கேமராப் பெட்டிக்கும் இப்படியே மாற்றுங்கள்.
2. வெளியிலிருந்து ரவுட்டரை இயக்கும் 'ரிமோட் மேனேஜ்மென்ட்', பட்டன் அழுத்தினால் இணையும் 'டபிள்யூ.பி.எஸ்.', கருவிகள் தாமாகவே போர்ட் திறந்துகொள்ளும் 'யு.பி.என்.பி.' ஆகிய மூன்றையும் அணைத்துவிடுங்கள்.
3. 'போர்ட் ஃபார்வர்டிங்' பகுதியில் நமக்குத் தெரியாத வரிகள் இருந்தால் நீக்குங்கள்.
4. ஐ.பி.வி.6 பயர்வால் இயங்குகிறதா என்று பாருங்கள். ஐ.பி.வி.6 முறையில் வீட்டின் ஒவ்வொரு கருவிக்கும் வெளியிலிருந்து அடையக்கூடிய முகவரி கிடைக்கிறது. அங்கே பயர்வால் ஒன்றே தடுப்பு.
5. ரவுட்டரின் மென்பொருளைப் புதுப்பியுங்கள். மே 12, 2017 அன்று 'வான்னாகிரை' உலகம் முழுவதும் கணினிகளை முடக்கியபோது, அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் வெளியாகி இரண்டு மாதம் ஆகியிருந்தது. போடாதவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள்.

லினக்ஸ் சர்வர் வைத்திருந்தால்

படித்த பிள்ளைகள் பழைய கம்ப்யூட்டரில் உபுண்டு போட்டு, பில்களையும் குடும்பப் படங்களையும் சேமிக்கிறார்கள். நல்ல முயற்சி. சில காரியங்களை மட்டும் தவறாமல் செய்ய வேண்டும். பாதுகாப்புத் திருத்தங்கள் தானாக இறங்கும்படி அமையுங்கள். 'ரூட்' பெயரில் நேரடியாக நுழைவதைத் தடுத்து, பாஸ்வேர்டுக்குப் பதில் 'எஸ்.எஸ்.ஹெச். சாவி' பயன்படுத்துங்கள். சாவியால் நுழைய முடிகிறது என்று பார்த்த பிறகே பாஸ்வேர்டு வழியை மூடுங்கள்.

'யு.எஃப்.டபிள்யூ.' என்ற எளிய பயர்வாலில் உள்வரும் அனைத்தையும் மறுத்து, தேவையானதை மட்டும் அனுமதியுங்கள். தூரத்திலிருந்து வேலை செய்தால் முதலில் 22-ஐ அனுமதித்துவிட்டுப் பிறகு பயர்வாலை இயக்குங்கள். வரிசை மாறினால் நாமே வெளியே நின்றுவிடுவோம். வாரம் ஒரு முறை லாக் கோப்பைப் பாருங்கள். 22 வெளியே திறந்திருந்தால், ஒரே நாளில் எத்தனை அந்நிய முகவரிகள் தட்டிப் பார்த்தன என்பது அதில் தெரியும்.

எல்லாம் செய்தும் தவறு நேரலாம். அப்போது காப்பாற்றுவது பேக்அப் மட்டுமே. கணக்கின் மூன்று பிரதிகள், இரண்டு வகைக் கருவிகளில், ஒன்று வேறு இடத்தில் இருக்கட்டும். ஒரு ஹார்டு டிஸ்க்கையாவது நகல் எடுத்தவுடன் கழற்றி வையுங்கள். மாட்டியே இருந்தால் அதுவும் சேர்ந்து பூட்டப்படும். மாதம் ஒரு முறை அதிலிருந்து ஒரு கோப்பைத் திறந்து பாருங்கள்.

பணம் பறிபோனால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள். தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் கைமாறிப் போகும்.

நம்மிடம் வேலை செய்பவர்களின் ஆதார் நகல், வியாபாரிகளின் கணக்கு, ஜமாஅத் அலுவலகத்தில் இருக்கும் திருமணப் பதிவுகள் எல்லாம் பிறர் நம்மை நம்பித் தந்தவை. அவை அமானிதம். அதைப் பாதுகாக்கத் தெரியவில்லை என்று சொல்லி நாம் தப்பிக்க முடியாது. இந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்ததும், வீட்டில் கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, ரவுட்டரின் அட்மின் பாஸ்வேர்டை மாற்றுவதிலிருந்து தொடங்குவோம், இன்ஷா அல்லாஹ்.