புலால் உண்ணும் பறவைக்கும் ஒரு மருத்துவமனை

புது தில்லி: செங்கோட்டைக்கு எதிரே, சாந்தினி சௌக் தொடங்கும் இடத்தில் செந்நிறக் கோபுரங்களோடு நிற்கிறது திகம்பர ஜைன லால் மந்திர். அதன் வளாகத்தில், 1929-ஆம் ஆண்டில் ஜைன சமூகத்தினர் தொடங்கிய பறவைகள் மருத்துவமனை இயங்கி வருகிறது. மின்விசிறியில் அடிபட்ட புறா, பூனை கடித்த கிளி, வெயிலில் மயங்கி விழுந்த சிட்டுக்குருவி என எதைக் கொண்டு வந்தாலும் கட்டணம் இன்றிச் சிகிச்சை கிடைக்கும். குணமான பறவையை மீண்டும் கூண்டில் அடைக்கத் தர மாட்டார்கள். வானில் பறக்க விடுவார்கள். உயிர்க்கொலை ஆகாது என்ற அறத்தின் நடைமுறை வடிவம் அது.

அதே தில்லியில், அங்கிருந்து வடக்கே யமுனைக் கரையோரம் உள்ள வஜீராபாதில் மற்றொரு பறவை மருத்துவமனை உண்டு. கோயில் வளாகமோ கோபுரமோ அதற்கு இல்லை. ஒரு வீட்டின் நிலவறையிலும் மொட்டை மாடியிலும் வளர்ந்தது அது. அங்கு வரும் நோயாளிகளில் பெரும்பாலானவை கரும்பருந்துகள். நூற்றாண்டை எட்டிக் கொண்டிருக்கும் முதல் மருத்துவமனையின் எல்லைக்கோட்டில் இருந்துதான் இந்த இரண்டாவது மருத்துவமனை பிறந்தது. ஒரு மருத்துவமனையின் கொள்கை, அது யாரை ஏற்கிறது என்பதில் மட்டுமன்றி யாரை ஏற்க இயலவில்லை என்பதிலும் வெளிப்படும். அவ்வகையில் இவ்விரு மருத்துவமனைகளின் கதை, தலைநகரின் கதையும் ஆகும்.

வாசலில் எழுந்த கேள்வி

ஜைன மருத்துவமனைக்குள் புலால் வருவதில்லை. தானியமும் பழமும் உண்ணும் பறவைகளே அங்கு உள்நோயாளிகளாகத் தங்க முடியும். ஊன் உண்ணும் பறவைகளுக்கு முதலுதவி அளித்தாலும், அவற்றைத் தங்க வைத்துப் பராமரிப்பதில்லை என்பது அதன் நெடுநாள் வழக்கம். இதைக் குறையாகக் கூறுவதற்கில்லை. பருந்தைத் தங்க வைத்தால் அதற்கு இறைச்சி தந்தாக வேண்டும். ஓர் உயிரைக் காக்க இன்னோர் உயிரைக் கொல்வதை ஏற்காத அறத்துக்கு அது உடன்பாடாகாது.

ஆனால் பருந்துக்கோ அது உயிர்ப் பிரச்னை. சிறகின் தசைநார் அறுபட்ட பறவைக்கு முதலுதவி மட்டும் போதாது. வாரக்கணக்கில், சில வேளைகளில் மாதக்கணக்கில் உணவும் பராமரிப்பும் வேண்டும். இயற்கை அதற்கு விதித்த உணவு இறைச்சியே.

பழைய தில்லியைச் சேர்ந்த நதீம் ஷெஹ்ஸாத், முகம்மது சௌத் என்ற சகோதரர்கள் இளம் வயதில் இந்த நிலையை நேரில் கண்டனர். காயமுற்ற பருந்து ஒன்றை அவர்கள் எடுத்துச் சென்றபோது, புலால் உண்ணும் பறவை என்பதால் அதற்கு இடம் கிடைக்கவில்லை. அந்த நிகழ்வு மனதில் தங்கிவிட்டது. பின்னர் 2003-இல் தாங்களே காயமுற்ற பருந்துகளைப் பேணத் தொடங்கினர். 2010-இல் 'வைல்ட்லைஃப் ரெஸ்க்யூ' என்ற அமைப்பாக அந்தப் பணி உருப்பெற்றது.

சோப்புத் தொழிலும் சிகிச்சையும்

இவ்விருவரும் கால்நடை மருத்துவம் படித்தவர்கள் அல்லர். குளியலறைச் சுவரில் பொருத்தும் திரவ சோப்புப் பெட்டிகளைத் தயாரிப்பது குடும்பத் தொழில். இளமையில் உடற்பயிற்சிக் கூடத்தில் உடலை வளர்த்தபோது தசை, தசைநார் பற்றி அறிந்து கொண்டதே தங்கள் முதல் பாடம் என்று அவர்கள் கூறியுள்ளனர். ஒருபுறம் சோப்புப் பெட்டிகளின் உதிரி பாகங்கள். மறுபுறம் பஞ்சு, மருந்து, தையல் ஊசி, அட்டைப் பெட்டிகளில் காத்திருக்கும் பருந்துகள். தொழிலில் வந்த வருமானமே நெடுங்காலம் மருத்துவமனையின் செலவைத் தாங்கியது. உடன் உழைத்தவர் உறவினரான சாலிக் ரஹ்மான்.

நிறுவனம் என்று சொல்லத்தக்க அளவுக்கு ஊழியர் இல்லாத காலத்திலும் பணியில் ஓர் ஒழுங்கு இருந்தது. பெட்டியைத் திறந்து காயத்தை அளவிடுவது, கழுவித் தைப்பது, இறைச்சியை அரைத்து ஊட்டுவது, தேறிய பறவையை மாடியில் உள்ள கூண்டுக்கு மாற்றுவது, சிறகு வலுப்பெற்றதும் பறக்க விடுவது என அது நடந்தது. ஆந்தை போன்ற பிற பறவைகளுக்கும் அங்கே இடம் கிடைத்தது.

இந்த வாழ்க்கையை ஷௌனக் சென் இயக்கிய 'ஆல் தட் பிரீத்ஸ்' என்ற ஆவணப்படம் உலகறியச் செய்தது. 2022-இல் அமெரிக்காவின் சன்டான்ஸ் விழாவில் உலக ஆவணப்படப் பிரிவின் உயரிய பரிசையும், அதே ஆண்டு பிரான்சின் கான் விழாவில் சிறந்த ஆவணப்படத்துக்கான 'தங்கக் கண்' விருதையும் அது பெற்றது. 2023-இல் ஆஸ்கர் விருதுக்கான இறுதிப் பட்டியலிலும் இடம் பிடித்தது. படம் வெளிவந்த காலத்திலேயே சகோதரர்களிடம் சிகிச்சை பெற்ற பறவைகளின் எண்ணிக்கை 20,000-ஐக் கடந்திருந்ததாகச் செய்திகள் வெளியாயின.

படம் பறவைகளோடு நின்றுவிடவில்லை. 2020 பிப்ரவரியில் யமுனையின் மறுகரையில், வடகிழக்கு தில்லியில் நிகழ்ந்த வகுப்புக் கலவரத்தில் 53 பேர் உயிரிழந்தனர். அந்த நாள்களில் ஒரு முஸ்லிம் குடும்பத்துக்கு இருந்த அச்சமும், அதற்கிடையே நிற்காமல் வந்து கொண்டிருந்த அட்டைப் பெட்டிகளும் அதில் பதிவாகியுள்ளன. ஊர் இரண்டுபட்ட வேளையிலும் பறவைக்குக் கட்டுப்போடும் வேலை நிற்கவில்லை.

காயத்தின் காரணம்

பருந்துகள் ஏன் இவ்வளவு எண்ணிக்கையில் விழுகின்றன? முதன்மையான காரணம் மாஞ்சா நூல்.

சுதந்திர தினத்தன்று தில்லியின் மொட்டை மாடிகளில் பட்டம் விடுவது நெடுநாள் வழக்கம். எதிரியின் பட்டத்தை அறுப்பதற்காகக் கண்ணாடித் தூள் பூசிய நூலைப் பயன்படுத்துகின்றனர். பருத்தி நூலாவது நாளடைவில் மக்கும்; இழுத்தால் அறுபடும். 'சீன மாஞ்சா' என்று சந்தையில் வழங்கும் செயற்கை இழை நூல் எளிதில் அறுபடுவதில்லை. பட்டம் போன பின்பும் மரக்கிளைகளிலும் மின்கம்பிகளிலும் மாதக்கணக்கில் தொங்கிக் கொண்டிருக்கும். பறக்கும் பருந்தின் கண்ணுக்கு அது தெரிவதில்லை. சிறகின் முன்விளிம்பில் உள்ள மெல்லிய தோல் மடிப்பைக் கிழித்து, தசைநாரையும் அறுத்து விடுகிறது. தசைநார் அறுபட்டால் மீண்டும் பறப்பது அரிது.

மனிதருக்கும் அதே கதிதான். 2016 ஆகஸ்ட் 15 அன்று தில்லியில் மாஞ்சா கழுத்தை அறுத்ததில் இரு குழந்தைகள் உள்பட மூவர் உயிரிழந்தனர். அதன் பின்னரே அரசு அசைந்தது. 2017 ஜனவரியில் வெளியான தில்லி அரசின் அறிவிக்கை, நைலான் நூல் மட்டுமன்றி, கண்ணாடியோ உலோகமோ பூசிய எந்த நூலையும் தயாரிக்கவும் விற்கவும் இருப்பு வைக்கவும் பயன்படுத்தவும் தடை விதித்தது. கூர்மை ஏற்றப்படாத பருத்தி நூலுக்கு மட்டுமே அனுமதி. அதே ஆண்டு ஜூலையில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் செயற்கை இழை மாஞ்சாவுக்கு நாடு முழுவதும் தடை விதித்தது.

மீறினால் ஐந்து ஆண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று அப்போது எச்சரிக்கப்பட்டது. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் அந்தச் சிறைத் தண்டனை, 2023-இல் நிறைவேறிய ஜன விசுவாஸ் சட்டத் திருத்தத்தால் நீக்கப்பட்டு, பண அபராதமாக மாற்றப்பட்டது. சட்டம் எழுத்தில் இருக்க, நூல் வானில் இருக்கிறது. ஒவ்வோர் ஆகஸ்டிலும் பறவை மருத்துவமனைகளில் நிரம்பும் பெட்டிகளே தடையின் மதிப்பெண் பட்டியல்.

பாறுகள் விட்டுச் சென்ற பாடம்

பருந்துகள் விழுந்தால் என்ன என்று கேட்போருக்கு விடை சொல்ல, நம் கண் முன்னே ஒரு வரலாறு உண்டு.

பாறு எனப்படும் பிணந்தின்னிக் கழுகுகள் ஒரு காலத்தில் தில்லி உள்பட நாடெங்கும் ஏராளமாக வாழ்ந்தன. 1992-க்கும் 2007-க்கும் இடையே வெண்முதுகுப் பாறுகளின் எண்ணிக்கை 99.9 சதவீதம் சரிந்தது. காரணம் நஞ்சு வைத்தவர்கள் அல்லர். மாட்டின் வலியைப் போக்க விரும்பியவர்கள். டைக்ளோஃபெனாக் என்ற வலிநிவாரணி செலுத்தப்பட்ட மாடு இறந்தால், அதன் இறைச்சியை உண்ட பாறுகள் சிறுநீரகம் செயலிழந்து மாண்டன. இது 2004-இல் கண்டறியப்பட்டது. 2006-இல் கால்நடைச் சிகிச்சையில் அம்மருந்துக்கு இந்தியா தடை விதித்தது.

அதற்குள் காலம் கடந்திருந்தது. அப்புறப்படுத்த ஆளின்றிக் கிடந்த பிணங்களால் நோய்க் கிருமிகளும் தெருநாய்களும் பெருகின. பாறுகளின் வீழ்ச்சியால் 2000 முதல் 2005 வரை சுமார் ஐந்து லட்சம் மனிதர்கள் கூடுதலாக உயிரிழந்திருக்கக் கூடும் என்று பொருளாதார அறிஞர்கள் ஈயல் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் ஆகியோரின் 2024-ஆம் ஆண்டு ஆய்வு மதிப்பிட்டது.

ஒரு விலங்குக்குக் காட்டிய பரிவு மற்றொன்றைக் கொன்று, இறுதியில் மனிதனிடமே வந்து முடிந்தது. நோயாளியாக எதிரே நிற்கும் உயிரை மட்டுமே பார்க்கும் கால்நடை மருத்துவம் போதாது என்பதே அந்தப் பாடம்.

பாறுகள் இல்லாத தில்லியில் கழிவுகளைத் தின்று தீர்க்கும் பெரும் பறவை கரும்பருந்துதான். காஜிப்பூர் குப்பை மேட்டின் மீது வட்டமிடும் கூட்டத்தைக் கண்டவர் இதை மறுக்க மாட்டார். ஊன் உண்ணும் பறவைகள் உலகிலேயே மிக நெருக்கமாக வாழும் நகரங்களில் தில்லியும் ஒன்று. பழைய தில்லியில் முஸ்லிம்கள் தான தருமமாக இறைச்சித் துண்டுகளைப் பருந்துகளுக்கு வீசும் வழக்கம் உண்டு. அத்தகைய குடியிருப்புகளை ஒட்டிப் பருந்துக் கூடுகள் மிகுதியாக இருப்பதை ஆய்வாளர் நிஷாந்த் குமாரும் அவரது குழுவினரும் பதிவு செய்துள்ளனர். மனிதனின் நம்பிக்கையும் குப்பையும் சேர்ந்தே இப்பறவைக்கு வாழ்விடம் அமைத்துத் தந்துள்ளன.

யாருடைய பொறுப்பு?

நம் ஊரில் செம்பருந்தைக் கருடன் என்று கண்டு கன்னத்தில் போட்டுக் கொள்கிறோம். குப்பையில் இரை தேடும் கரும்பருந்துக்கு அந்த மரியாதை இல்லை. உயிர்களிடத்தும் நாம் வகுப்புப் பிரிக்கிறோம். உணவை வைத்து மனிதரைத் தரம் பிரிக்கும் அரசியல் வலுத்து வரும் நாட்டில், இது பறவைகளைப் பற்றிய செய்தி மட்டுமன்று.

எனினும் இவ்விரு மருத்துவமனைகளையும் ஒன்றுக்கு ஒன்று எதிராக நிறுத்துவது எளிது; அது நியாயம் ஆகாது. ஒன்று தன் அறத்துக்கு உட்பட்டு இயன்ற அனைத்தையும் செய்கிறது. மற்றொன்று, அந்த அறம் எட்டாத இடத்தில் கை நீட்டுகிறது. இரண்டும் தனியாரின் தருமத்தில் வாழ்பவை. கேட்க வேண்டிய கேள்வி மூன்றாவது தரப்பை நோக்கியது.

1976-இல் 42-ஆவது திருத்தத்தின் வழியே அரசமைப்புச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 51ஏ பிரிவு, உயிரினங்களிடம் பரிவு காட்டுவதைக் குடிமக்களின் அடிப்படைக் கடமை என்கிறது. தானியம் தின்னும் உயிர், ஊன் தின்னும் உயிர் என்ற வேறுபாடு அதில் இல்லை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பருந்துக்கும் பாதுகாப்பு அளிக்கிறது. கடமையைக் குடிமக்களுக்கு விதித்த அரசு, தடை செய்யப்பட்ட நூல் கடைக்கு வருவதைத் தடுக்கும் தன் கடமையைச் செய்தாக வேண்டும். நமது கால்நடை மருத்துவக் கல்வியும் கறவை மாட்டையே பெரிதும் மையமாகக் கொண்டது. காட்டுப் பறவைக்கு அதில் கிடைக்கும் இடம் சிறிது. அந்த வெற்றிடத்தைத்தான் சோப்புப் பெட்டி தயாரிப்பவர்கள் நிரப்ப நேர்ந்தது.

சாந்தினி சௌக்கின் ஒரு முனையில் லால் மந்திர். மறுமுனையில் ஃபத்தேபுரி மசூதி. இடையே உள்ள தெருவின் மேலே வட்டமிடும் பருந்துக்கு எந்த எல்லையும் தெரியாது. அது விழும்போது தூக்கி எடுப்பவர் யார் என்பதும் அதற்குத் தெரியாது. அடுத்த சுதந்திர தினத்துக்கு முன்பாக அந்த நூல் வானில் இருந்து இறங்க வேண்டும். அதைச் செய்யக் கூடியது மருத்துவமனை அன்று, அரசுதான்.