ஐ.என்.எஸ். குக்ரி: நீர்மூழ்கியை வேட்டையாடப் போன கப்பலே இரையானது எப்படி?

1971 டிசம்பர் 9. இந்தியா-பாகிஸ்தான் போரின் 7-வது நாள். இரவு 9 மணியை நெருங்கும் நேரம். குஜராத் கடற்கரையை ஒட்டிய டியூ தீவுக்குத் தெற்கே, அரபிக்கடலில் ஐ.என்.எஸ். குக்ரி என்ற இந்தியப் போர்க்கப்பலை பாகிஸ்தான் நீர்மூழ்கியின் டார்பிடோ தாக்கியது. சில நிமிடங்கள்தான். கப்பல் மூழ்கிவிட்டது. 18 அதிகாரிகள், 176 மாலுமிகள் என 194 பேர் உயிரிழந்தார்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகு இந்தியக் கடற்படை போரில் இழந்த ஒரே போர்க்கப்பல் இதுதான். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, நீர்மூழ்கி ஒன்றால் மூழ்கடிக்கப்பட்ட முதல் போர்க்கப்பலும் இதுவே.

இதில் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. குக்ரி ஏதோ சரக்குக் கப்பலோ, பழைய பீரங்கிக் கப்பலோ இல்லை. நீர்மூழ்கிகளைத் தேடி அழிப்பதற்கென்றே வடிவமைக்கப்பட்ட கப்பல். அப்படியிருந்தும் வேட்டைக்காரனே இரையானது எப்படி? பதில் அந்த ஒரு இரவில் மட்டும் இல்லை. அதற்கு 20 ஆண்டுகளுக்கு முன்பு, பிரிட்டனில் போடப்பட்ட ஒரு பட்ஜெட் கணக்கில் தொடங்குகிறது.

முதலில், ஃப்ரிகேட் என்றால் என்ன?

சிம்பிளாகச் சொன்னால், கடற்படையின் பாதுகாவலர். விமானம் தாங்கிக் கப்பல், சரக்குக் கப்பல்கள் போன்ற பெரிய, முக்கியமான கப்பல்களுக்குத் துணையாகப் போய், எதிரி நெருங்காமல் பார்த்துக்கொள்வது இதன் முக்கிய வேலை. நடுத்தர அளவில், நீண்ட தூரம் போகக்கூடியதாக இருக்கும். இன்றைய ஃப்ரிகேட்டுகளில் ஏவுகணை, பீரங்கி, டார்பிடோ, ஹெலிகாப்டர் என எல்லாமே இருக்கும். 1950-களில் கதை வேறு.

'குறைந்த செலவில் நிறைய கப்பல்' திட்டம்

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் நீர்மூழ்கிகள் அட்லாண்டிக் கடலில் பிரிட்டனைத் திணறடித்தன. உணவும் எரிபொருளும் ஏற்றிவந்த கப்பல்கள் கொத்துக்கொத்தாக மூழ்கின. அந்த பயம் போர் முடிந்த பிறகும் போகவில்லை. அடுத்த போர் சோவியத் ஒன்றியத்துடன் வந்தால், அதே நிலைமை திரும்பும் என்று பிரிட்டிஷ் கடற்படை நினைத்தது.

இதற்காக அவர்கள் முதலில் உருவாக்கிய 'டைப் 12' ஃப்ரிகேட் நல்ல கப்பல். ஆனால் விலை அதிகம். தேவையான எண்ணிக்கையில் கட்ட முடியாது. எனவே பக்கத்திலேயே இன்னொரு டிசைன் போட்டார்கள். அதுதான் 'டைப் 14' என்கிற பிளாக்வுட் ரகம். போர் வந்தால் வேகமாகவும் மலிவாகவும் கட்டித் தள்ளலாம் என்பது ஐடியா.

விலையைக் குறைக்க எதையெல்லாம் வெட்டினார்கள்?

- இன்ஜின்: டைப் 12-ல் இருந்ததில் பாதி. இரண்டு புரொப்பெல்லருக்குப் பதில் ஒன்றே ஒன்று. அது பழுதானால் கப்பல் அப்படியே நின்றுவிடும்.
- பீரங்கி: பெரிய பீரங்கியே கிடையாது. 40 மி.மீ. போஃபர்ஸ் துப்பாக்கிகள் மட்டும்.
- எடை: சுமார் 1,200 டன். நீளம் 94 மீட்டர் சொச்சம்.
- ஹெலிகாப்டர்: இறங்க இடமே இல்லை.

வைத்துக்கொண்டது ஒரே ஒரு திறமையை. நீருக்கடியில் தேட சோனார். கண்டுபிடித்தால் அடிக்க 'லிம்போ' என்ற மோர்ட்டார் இரண்டு. ஒவ்வொன்றிலும் மூன்று குழாய்கள். சோனார் கொடுக்கும் தகவலை வைத்து, நீர்மூழ்கி இருக்கும் இடத்துக்கு மேலே வெடிகுண்டுகளை வீசும். அந்தக் காலத்துக்கு நல்ல ஆயுதம்தான்.

சிக்கனம் சீக்கிரமே பல்லைக் காட்டியது. வட அட்லாண்டிக்கின் முரட்டு அலைகளைத் தாங்க முடியாமல், பிரிட்டிஷ் கடற்படை தன் டைப் 14 கப்பல்களின் உடற்பகுதியைப் பிறகு வலுப்படுத்த வேண்டியிருந்தது.

இந்தியாவுக்கு வந்த மூன்று ஆயுதங்கள்

மொத்தம் 15 டைப் 14 கப்பல்கள் கட்டப்பட்டன. 12 பிரிட்டனுக்கு, 3 இந்தியாவுக்கு. புதிதாகச் சுதந்திரம் பெற்ற நாடு, கையில் காசு குறைவு, கடற்கரையோ நீளம். மலிவான கப்பல் என்பது இந்தியாவுக்கும் பொருந்திய கணக்கு.

மூன்றுக்கும் ஆயுதங்களின் பெயர்கள். கூர்க்காக்களின் வளைந்த கத்தியான குக்ரி, சீக்கியர்களின் கிர்பான், கோடரியைக் குறிக்கும் குதார். குக்ரி, இங்கிலாந்தின் கவ்ஸ் நகரில் ஜே. சாமுவேல் வொய்ட் நிறுவனத்தில் கட்டப்பட்டது. 1956-ல் நீரில் இறக்கப்பட்டு, 1958-ல் இந்தியக் கடற்படையில் சேர்ந்தது. மூன்றும் 14-வது ஃப்ரிகேட் படைப்பிரிவாக, பம்பாயைத் தளமாகக் கொண்டு இயங்கின.

13 ஆண்டுகள் ஓடின. அதே காலத்தில் நீர்மூழ்கித் தொழில்நுட்பம் எங்கேயோ போய்விட்டது.

எதிரே வந்தது யார்?

1969-70-ல் பாகிஸ்தான், பிரான்ஸிடமிருந்து டாஃப்னே ரக நீர்மூழ்கிகள் மூன்றை வாங்கியது. அதில் ஒன்றுதான் 'ஹங்கோர்'. சத்தம் குறைவாக ஓடக்கூடியது. நல்ல காது. 12 டார்பிடோ குழாய்கள்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பிரச்சினை புரியும். குக்ரியின் லிம்போ மோர்ட்டார் எட்டும் தூரம் சுமார் 900 மீட்டர்தான். ஹங்கோரின் டார்பிடோ பல கிலோமீட்டர் பாயும். அதாவது, குக்ரி அடிக்க வேண்டும் என்றால் எதிரியின் தலைக்கு மேலே போய் நிற்காத குறைதான். எதிரியோ தூரத்தில் இருந்தபடியே அடிக்கலாம்.

தண்ணீருக்குள் யார் காது கூர்மை?

இன்னொரு விஷயம் சோனார். குக்ரியில் இருந்தது ஒலியை அனுப்பி, அது எதிலாவது பட்டுத் திரும்பும் எதிரொலியைக் கேட்கும் வகை. இருட்டு மைதானத்தில் டார்ச் அடித்துத் தேடுவது போல. டார்ச் வெளிச்சம் படும் தூரம்வரைதான் நமக்குத் தெரியும். ஆனால் டார்ச் வைத்திருப்பவர் எங்கே நிற்கிறார் என்பது மைதானத்தின் மறுமுனையில் ஒளிந்திருப்பவருக்கும் தெரிந்துவிடும். நீர்மூழ்கி சத்தம் போடாமல் காது கொடுத்துக் கேட்டாலே போதும்.

வெப்பமண்டலக் கடல் என்பதும் நீர்மூழ்கிக்குச் சாதகம். மேல்மட்ட நீர் சூடாகவும் அடியில் குளிர்ச்சியாகவும் இருக்கும்போது, ஒலி நேராகப் போகாமல் கீழ்நோக்கி வளைந்துவிடும். இதனால் சோனாருக்கு எட்டாத 'நிழல் பகுதிகள்' உருவாகும். அங்கே போய் ஒளிந்துகொள்ளலாம். வட அட்லாண்டிக்கை மனதில் வைத்துக் கட்டிய கப்பல், அரபிக்கடலில் தேட வேண்டியிருந்தது.

அந்த இரவு என்ன நடந்தது?

போர் தொடங்கியதும் இந்தியக் கடற்படை டிசம்பர் 4 இரவும், 8-ம் தேதி இரவும் கராச்சித் துறைமுகத்தை ஏவுகணைப் படகுகளால் தாக்கியது. இரண்டுமே பெரிய வெற்றி. இதற்கிடையே, டியூ அருகே ஒரு நீர்மூழ்கி இருப்பதை அதன் ரேடியோ சமிக்ஞையை வைத்து இந்தியத் தரப்பு கண்டுபிடித்தது. அது பம்பாய்க்கும் கடற்படைக்கும் ஆபத்து. அதைத் தேடி அழிக்க குக்ரியும் கிர்பானும் அனுப்பப்பட்டன. தளபதி, குக்ரியின் கேப்டன் மகேந்திர நாத் முல்லா.

பாகிஸ்தான் தரப்புப் பதிவுகளின்படி, ஹங்கோர் இந்த இரண்டு கப்பல்களையும் தூரத்திலேயே கேட்டுவிட்டது. அவை ஒரு குறிப்பிட்ட பாதையில் சுற்றிச் சுற்றித் தேடுவதைக் கணித்து, வரப்போகும் வழியில் போய்க் காத்திருந்தது. அதன் கமாண்டர் அகமது தஸ்னிம் முதலில் கிர்பானைக் குறிவைத்தார். அந்த டார்பிடோ வெடிக்கவில்லை. இரண்டாவது குக்ரிக்கு. அது தவறவில்லை. மூன்றாவது டார்பிடோ மீண்டும் கிர்பானை நோக்கி வந்தது; கிர்பான் தப்பியது.

குக்ரியில் இருந்தவர்களுக்கு யோசிக்கக்கூட நேரமில்லை. பெரும்பாலானோர் கப்பலுக்கு உள்ளேயே சிக்கிக்கொண்டார்கள். கேப்டன் முல்லா தன் உயிர்காப்பு உடையை ஒரு மாலுமிக்குக் கொடுத்துவிட்டு, கப்பலை விட்டு வர மறுத்ததாக உயிர்பிழைத்தவர்கள் சொன்னார்கள். கப்பலோடு அவரும் போனார். அவருக்கு மறைவுக்குப் பின் மகா வீர் சக்ரா வழங்கப்பட்டது.

உயிரோடு மீட்கப்பட்டவர்கள் 67 பேர். 6 அதிகாரிகள், 61 மாலுமிகள். மறுநாள் ஐ.என்.எஸ். கச்சல் அவர்களைக் கடலில் இருந்து மீட்டது. ஹங்கோரை நான்கு நாட்கள் தேடினார்கள். அது தப்பி கராச்சி போய்ச் சேர்ந்துவிட்டது.

மெதுவாகப் போனது காரணமா?

குக்ரி பற்றிய விவாதங்களில் அடிக்கடி வரும் கேள்வி இது. குக்ரியின் சோனார் எட்டும் தூரத்தை அதிகரிக்க ஓர் இளம் கடற்படை அதிகாரி உருவாக்கிய கருவி, அந்தப் பயணத்தில் சோதிக்கப்பட்டது. அது சரியாக வேலை செய்ய, கப்பல் மெதுவாகப் போக வேண்டும். வேகமாகப் போனால் கப்பலின் சொந்த சத்தமே சோனாரை மறைத்துவிடும். ஆனால் நீர்மூழ்கி இருக்கும் பகுதியில் மெதுவாக, ஒரே பாதையில் போவது ஆபத்து என்பது கடற்படைப் பாடம். வேகமாகப் போனால் காது கேட்காது. மெதுவாகப் போனால் குறி தவறாது. மாட்டிக்கொண்டது இந்த இரண்டுக்கும் நடுவில்.

கடற்படையின் வரலாற்றை எழுதிய வைஸ் அட்மிரல் ஜி.எம். ஹிராநந்தானி உட்பட பலரும் இதைப் பேசியிருக்கிறார்கள். அந்த இரண்டு கப்பல்களை மட்டும் அனுப்பியது சரியா என்ற கேள்வியும் இன்றுவரை ஓயவில்லை. நீர்மூழ்கி வேட்டையில் விமானமும் கப்பலும் சேர்ந்து போவதுதான் வழக்கம். ஆனால் இந்தியாவின் ஒரே விமானம் தாங்கிக் கப்பலான விக்ராந்த், அப்போது வங்கக் கடலில் இருந்தது. நீர்மூழ்கிகளைத் தேடும் சீ கிங் ஹெலிகாப்டர்கள் படையில் சேர்ந்ததே அந்த ஆண்டுதான்.

ஒரு கேப்டனின் முடிவு, ஒரு கருவி என்று பழியை ஓரிடத்தில் போடுவது சுலபம். ஆனால் வேகத்தைக் கூட்டியிருந்தாலும், எதிரியின் ஆயுதம் எட்டும் தூரத்தில் ஒரு சிறு பங்கு தூரமே எட்டும் மோர்ட்டார்தான் குக்ரியிடம் இருந்தது.

அதன் பிறகு என்ன மாறியது?

முக்கியமான பாடம் இதுதான்: நீர்மூழ்கியைக் கப்பல் மட்டும் தனியாகப் போய்த் தேடக்கூடாது; வானத்தில் இருந்தும் தேட வேண்டும். ஹெலிகாப்டர் சோனாரைக் கயிற்றில் கட்டி நீருக்குள் இறக்கும். அதை நோக்கி நீர்மூழ்கி டார்பிடோ விட முடியாது.

1972 ஜூன் மாதம், இந்தியாவில் கட்டப்பட்ட முதல் ஃப்ரிகேட்டான ஐ.என்.எஸ். நீலகிரி படையில் சேர்ந்தது. அதில் ஹெலிகாப்டர் தளம் இருந்தது. அதே பெயரில் 2025 ஜனவரியில் வந்த புதிய நீலகிரி 6,600 டன்னுக்கும் மேல். குக்ரியைப் போல ஐந்து மடங்கு. நீர்மூழ்கி வேட்டைக்கான எம்.எச்.-60ஆர் ஹெலிகாப்டர் படைப்பிரிவு 2024 மார்ச்சில் கொச்சியில் தொடங்கப்பட்டது. அரக்கோணம் ஐ.என்.எஸ். ராஜாளி தளத்தில் 2013-ல் இருந்து பி-8ஐ விமானங்கள் இயங்குகின்றன. கடலுக்கு மேலே நீண்ட தூரம் பறந்து நீர்மூழ்கிகளைத் தேடுவது அவற்றின் வேலை.

சிறிய நீர்மூழ்கி எதிர்ப்புக் கப்பல் என்ற ஐடியாவும் சாகவில்லை. 2025 ஜூனில் படையில் சேர்ந்த ஐ.என்.எஸ். அர்னாலா அப்படிப்பட்டதுதான். சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளி கப்பல் கட்டும் தளத்தில் உருவானது. குக்ரியைவிடச் சிறியது. ஆனால் கரையோர ஆழமற்ற கடல்தான் இதன் ஏரியா. சிறிய கப்பலை எந்த வேலைக்கு அனுப்பலாம் என்ற எல்லைக்கோடு இப்போது தெளிவாக இருக்கிறது.

கப்பல்கள் இப்போது எங்கே?

கிர்பானும் குதாரும் புதிதாகத் தொடங்கப்பட்ட இந்தியக் கடலோரக் காவல்படைக்குப் போயின. அந்தப் படையின் முதல் கப்பல்களில் இவையும் உண்டு. ஹங்கோர் கராச்சியில் உள்ள கடல்சார் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு இருக்கிறது.

குக்ரி அரபிக்கடலின் அடியில் கிடக்கிறது. டியூவில் கடலைப் பார்த்தபடி ஒரு நினைவிடம். கண்ணாடிப் பெட்டிக்குள் குக்ரியின் மாதிரி. அதே பெயரில் 1989-ல் படையில் சேர்ந்த இரண்டாவது குக்ரி, 32 ஆண்டு பணிக்குப் பிறகு 2021 டிசம்பரில் ஓய்வுபெற்றது. அதை உடைத்து விற்கவில்லை. அருங்காட்சியகமாக்க டியூவுக்கே கொண்டுவந்துவிட்டார்கள்.