பிரான்சைக் காட்டும் பத்திராதிபர்

ஒரு நாட்டின் இயல்பைப் பிறநாட்டார்க்கு எடுத்துரைக்கும் சஞ்சிகைகள் பல. அவற்றுள், பிரான்சு தேசத்தை ஆங்கில வாசகர்க்குக் காட்டும் சஞ்சிகையின் பத்திராதிபர் பணி தனித்தன்மை வாய்ந்தது. பிரயாணம், ஆதனம், வாழ்க்கைமுறை என்னும் மூன்று பொருள்களும் ஓரேட்டிலே அடுத்தடுத்து நிற்கும். முதற் பக்கங்களிலே மலர்வயல்களைக் கண்டு மகிழ்ந்த வாசகர், நடுப்பக்கங்களிலே அவ்வயலோரத்து வீட்டின் விலையை நோக்குவர். ஏட்டை மூடும்போது தம் ஆயுட்காலச் சேமிப்பை அங்கே இடலாமோ என எண்ணத் தலைப்படுவர். ஆதலின், இப்பணி வெறும் எழுத்துப்பணியன்று. பிறர் பொருளுக்குப் பொறுப்பேற்கும் பணியுமாகும். அஃது எங்ஙனம் என்பதை ஈண்டு நோக்குவாம்.

முதற்கண் பிரயாணத்தை எடுத்துக்கொள்வோம். 2024 ஆம் ஆண்டிலே ஏறக்குறைய 10 கோடி வெளிநாட்டார் பிரான்சுக்குச் சென்றனர். இத்துணைப் பெருங்கூட்டத்துக்கு வழிகாட்டும் எழுத்து, விளம்பரத்துக்கு அடிமையாதல் எளிது. மிச்செலின் என்னும் சக்கர வளையக் கம்பெனியார் 1900 இல் வெளியிட்ட வழிகாட்டி நூல் முதலில் இலவசமாக வழங்கப்பட்டது; விளம்பரங்களையும் தாங்கி வந்தது. 1920 இல் அவர்கள் அதற்கு விலை வைத்தனர்; பணம் பெற்று வெளியிடும் விளம்பரங்களை நீக்கினர். 1926 இல் சிறந்த உணவுச்சாலைகளுக்கு நட்சத்திரக் குறியிடத் தொடங்கினர். அதன் பரிசோதகர்கள் தம்மை இன்னாரென்று அறிவியாமலே உண்டு, உரிய பணத்தையும் செலுத்துவர். விருந்தளித்தவரைப் பற்றி நடுநிலையோடு எழுதுதல் அரிது என்பதை அந்நூலார் உணர்ந்திருந்தனர். பத்திராதிபர் கற்கவேண்டிய முதற் பாடம் இதுவே.

அடுத்தது வாழ்க்கைமுறை. இது எளிய பொருள்போலத் தோன்றும். ஆயின் இதன் வலிமை பெரிது. பீற்றர் மெயில் என்னும் ஆங்கிலேயர், புரோவன்சுப் பகுதியிலுள்ள மேனேர்ப் என்னும் சிற்றூரிலே தாம் கழித்த ஓராண்டைப் பற்றி 1989 இல் ஒரு நூல் வெளியிட்டார். அது பல இலட்சம் பிரதிகள் விற்பனையாயிற்று. அதனைப் படித்தவர்கள் அவர் வீட்டு வாயில்வரை தேடி வந்தனர். ஒரு நூல் ஓர் ஊரின் அமைதியையே மாற்றவல்லதாயின், திங்கள்தோறும் எழுதுபவர் எத்துணைக் கவனமாயிருத்தல் வேண்டும்! பாணைப் பற்றி எழுதினுங்கூட நுட்பம் வேண்டும். 1993 ஆம் ஆண்டுக் கட்டளைப்படி, "பாரம்பரியப் பிரெஞ்சுப் பாண்" என்னும் பெயரைத் தாங்குவது உறையவைத்த மாவிலிருந்து செய்யப்படலாகாது. இதனை அறியாதவர் எல்லாப் பாணையும் ஒன்றெனவே எழுதிவிடுவர்.

மூன்றாவதாகிய ஆதனமே பொறுப்பு மிக்கது. இங்கிலாந்திலே விற்பவரும் வாங்குபவரும் தத்தமக்கெனச் சட்டத்தரணியை அமர்த்துதல் வழக்கம். பிரான்சிலோ இருவர்க்கும் பொதுவாக ஒரே நொத்தாரிசு உறுதி முடிக்கலாம். அவர் நீதி அமைச்சரால் நியமிக்கப்படும் அதிகாரி. அரசிறையையும் அவரே அறவிடுவர். பழைய வீடாயின் விலைக்கு மேலாக நூற்றுக்கு 7 முதல் 8 வரை செலவாகும். "நொத்தாரிசுச் செலவு" என இதனை அழைப்பினும், இதிற் பெரும்பகுதி வரியே. வீட்டை வாங்கும் தனியாள் முதல் உடன்படிக்கையிற் கையொப்பமிட்ட பின்னர், 10 நாளுக்குள் காரணங் கூறாமலே விலகிக்கொள்ளலாம். விற்பவர்க்கு அவ்வுரிமை இல்லை.

விற்றவர் உயிரோடிருக்கும்வரை மாதந்தோறும் பணங்கொடுத்து, அவர் இறந்தபின் வீட்டைப் பெறும் முறையும் அங்கு உண்டு. ஆர்ள் நகரத்து ழான் கல்மான் என்னும் மூதாட்டியார் 90 வயதினராயிருந்தபோது, 1965 இல், ரப்ரே என்னும் நொத்தாரிசு மாதம் 2,500 பிராங்கு கொடுப்பதாக இவ்வாறு உடன்பட்டார். 1995 இல் ரப்ரே இறந்தார். அவர் மனைவியார் தொடர்ந்து செலுத்தினார். மூதாட்டியாரோ 1997 இல், தம் 122 ஆவது வயதிலேயே காலமானார். சட்டமறிந்த நொத்தாரிசுக்கே இங்ஙனமாயின், சஞ்சிகையை நம்பி வாங்கும் அயல்நாட்டார் நிலை யாது?

இனி, சட்டம் நிலைத்து நிற்பதொன்றன்று. பிரெஞ்சுச் சட்டப்படி பிள்ளைகளுக்கு உரிய பங்கை மரணசாசனத்தால் நீக்க இயலாது. ஒரு பிள்ளையாயின் பாதியும், இருவராயின் மூன்றில் இரு பங்கும், மூவரோ மேற்பட்டவரோ ஆயின் நான்கில் மூன்று பங்கும் அவர்க்குரியன. 2015 ஆகத்து 17 முதல், ஐரோப்பிய ஒன்றியத்தின் பிரமாணம் தத்தம் நாட்டுச் சட்டத்தைத் தெரிந்துகொள்ள அயல்நாட்டார்க்கு இடமளித்தது. 2021 இல் வந்த பிரெஞ்சுச் சட்டம் அவ்வுரிமைக்கு வரம்பிட்டது. 2021 ஜனவரி முதலாந் தேதியிலிருந்து, அங்கு வதிவுரிமை பெறாத பிரித்தானியர் விசாவின்றி 180 நாளில் 90 நாள் மட்டுமே தங்கலாம் என்ற விதியும் அவர்க்குப் பொருந்தலாயிற்று. குளிர்காலம் முழுவதையும் ஆங்குக் கழிக்கவெண்ணி வீடு வாங்கியோர் பலர்க்கு அந்த எண்ணம் தடைப்பட்டது. முன்னாளில் உண்மையாயிருந்த கட்டுரையை ஆராயாது மீண்டும் அச்சிடுதல் இக்காரணத்தாலேயே தீங்காகும்.

ஆதலின், இத்தகைய பத்திராதிபர் செய்யத்தக்கன மூன்று. ஒன்று, ஒவ்வொரு விதியையும் அதன் மூலத்தோடு ஒப்பிட்டு, எந்நாள் வரை சரியானது எனக் குறித்தல். இரண்டு, வீட்டுத் தரகரும் விடுதியாரும் தரும் விளம்பரத்தைக் கட்டுரையினின்றும் தெளிவாகப் பிரித்துக் காட்டுதல். மூன்று, அழகைச் சொல்லும் பக்கத்திலேயே அதற்குரிய இடரையும் சொல்லுதல்; கல்வீட்டின் எழிலைப் புகழ்பவர் அதன் கூரை ஒழுக்கையும் மலக்குழியின் நிலையையும் மறைத்தலாகாது.

பத்திரிகைத் தொழிலை நாடும் மாணவ அன்பர்கள் இதனை நினைவிற் கொள்வார்களாக. நயம்பட எழுதும் ஆற்றல் வாசகரை அழைத்துவரும். அங்ஙனம் வந்தவர் தம் பொருளை இழவாது வீடு திரும்பும்படி செய்வது, எழுதுபவரின் உண்மையும் உழைப்புமேயாகும்.