எண்ணெயின் மத்தியஸ்தம்

சிவப்பு விளக்கின் முன் ஓர் ஆட்டோமேட்டிக் கார் நிற்கிறது. கியர் விழுந்திருக்கிறது; எஞ்சின் நிமிஷத்துக்கு அறுநூறு எழுநூறு சுற்று சுழன்றுகொண்டிருக்கிறது; சக்கரங்களோ அசையவில்லை. ஓட்டுபவரின் கால் பிரேக்கின்மேல் இலேசாகப் பதிந்திருக்கிறதேயொழிய, எஞ்சினையும் சக்கரத்தையும் பிரித்து வைக்க அவர் எந்தக் கிளட்சையும் மிதித்துக்கொண்டிருக்கவில்லை. சுழல்கிற பொருளும் நிற்கிற பொருளும் ஒரே தண்டின் இரு முனைகளில் பிணைக்கப்பட்டிருந்தால் எஞ்சின் அந்தக் கணமே அடைத்து நின்றுபோக வேண்டும். அப்படி நிகழாமல் இரண்டும் தத்தம் இயல்பில் இருக்கின்றனவென்றால், இடையில் ஏதோ ஒன்று மத்தியஸ்தம் செய்கிறது என்றுதான் கொள்ள வேண்டும். அந்த மத்தியஸ்தர் எண்ணெய். அது குடியிருக்கும் வீடு, எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே பறங்கிக்காய் வடிவில் அமைந்த எஃகுக் கூடாகிய டார்க் கன்வெர்ட்டர்.

தினசரி வேலைக்கும் போய்வர வேண்டும், திறந்த சாலையில் சீறிக் கிளம்பவும் வேண்டும் என்று விரும்பும் செடான் காரின் சொந்தக்காரர்கள், எஞ்சினுக்கு அடுத்தபடியாகக் கைவைக்க நினைப்பது இந்தக் கூட்டின்மேல்தான். காரின் சுபாவத்தையே மாற்றிவிடும் சாமர்த்தியம் இதற்கு இருக்கிறது என்பது உண்மை. ஆயினும் இது ஒரு பாகத்தைக் கழற்றி மற்றொன்றைப் பூட்டும் காரியத்தோடு முடிந்துவிடுவதில்லை. எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் இடையே நெடுநாளாக இருந்துவந்த ஓர் உடன்படிக்கையையே திருத்தி எழுதும் காரியம் இது. அதன் தத்துவத்தை அறியாமல் திருத்தப் புகுந்தவர்கள் பணத்தையும் கியர்பாக்ஸையும் ஒருங்கே இழந்ததுண்டு.

இந்த உடன்படிக்கை முதலில் எழுதப்பட்டது கப்பலுக்காக. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அப்போது ஜெர்மனிக்கு உட்பட்டிருந்த ஸ்டெட்டின் நகரின் வல்கன் கப்பல் கட்டும் தளத்தில் பணியாற்றிய ஹெர்மன் ஃபெட்டிங்கர் என்ற பொறியியலார் ஒரு முரண்பாட்டைக் கண்டார். நீராவி டர்பைன் மிக வேகமாகச் சுழன்றால்தான் சிக்கனமாக உழைக்கும். கடலுக்குள் மூழ்கியிருக்கும் உந்துவிசிறியோ நிதானமாகச் சுழன்றால்தான் நீரை வீணே கலக்காமல் கப்பலை முன்னே தள்ளும். இரண்டில் ஒன்றின் இயல்பை மற்றொன்றுக்காகப் பலியிடாமல் இரண்டையும் இணைப்பது எப்படி என்று சிந்தித்த அவர், ஒரு பம்ப்பையும் ஒரு டர்பைனையும் ஒரே கூட்டுக்குள் முகத்தோடு முகமாக நெருக்கி வைத்து, இடையில் திரவத்தை ஓடவிட்டுச் சக்தியைக் கடத்தும் முறையைக் கண்டுபிடித்து, 1905-இல் காப்புரிமை பெற்றார். பெரும் சக்தியைத் தாங்கும் பற்சக்கரங்களை வெட்டும் கலை செம்மைப்பட்ட பிறகு கப்பல்கள் இந்த முறையைக் கைவிட்டன. ஆனால் 1948-ஆம் வருஷ மாடலில் ப்யூக் நிறுவனம் ‘டைனஃப்ளோ’ என்ற பெயரில் இதைக் காருக்குள் கொண்டுவந்தது. அதன் சந்ததிதான் இன்று கோடிக்கணக்கான கார்களில் ஓசையின்றி உழைக்கிறது.

கூட்டுக்குள் இருப்பவை மூன்று சக்கரங்கள். எஞ்சினோடு பிணைந்து சுழலும் இம்பெல்லர் முதலாவது. கியர்பாக்ஸின் தண்டோடு பிணைந்த டர்பைன் இரண்டாவது. இரண்டுக்கும் நடுவே சிறியதாக அமர்ந்திருக்கும் ஸ்டேட்டர் மூன்றாவது. கயிற்றில் தொங்கும் வாளியில் நீரை நிரப்பி, அகப்பையால் விடாமல் சுழற்றிக் கலக்கினால், சற்று நேரத்தில் வாளியும் அதே திசையில் மெல்லத் திரும்பத் தொடங்கும். அகப்பை வாளியைத் தொடவில்லை, நீர்தான் செய்தியைக் கொண்டு சென்றது. இம்பெல்லர் வீசும் எண்ணெய் டர்பைனின் இதழ்களில் மோதி அதைத் திருப்புவதும் இத்தகையதே. ஆனால் இவ்வளவோடு நின்றிருந்தால், கொடுத்த முறுக்கு விசைக்கு மேல் ஓர் இம்மியும் மறுபக்கத்தில் கிடைக்காது. கிடைக்கச் செய்வது ஸ்டேட்டர்.

கிணற்றில் நீந்துகிறவன் சுவரை எட்டியதும் உடலைச் சுருட்டித் திரும்பி, சுவரில் காலை ஊன்றி உதைத்துப் பாய்வதைப் பார்த்திருப்போம். அவனுடைய புதிய வேகத்துக்கு ஆதாரம் அசையாத அந்தச் சுவர். டர்பைனைச் சுற்றிவிட்டு வெளிவரும் எண்ணெய், இம்பெல்லரின் சுழற்சிக்கு எதிர்த்திசையில் திரும்பியிருக்கிறது. அப்படியே மறுபடி உள்ளே நுழைந்தால் அது எஞ்சினுக்கு இடையூறாகவே இருக்கும். ஸ்டேட்டரின் வளைந்த இதழ்கள் அதை மடக்கி, இம்பெல்லர் செல்லும் திசையிலேயே திருப்பியனுப்புகின்றன. அந்த உதையைத் தாங்கும் சுவர், கியர்பாக்ஸின் அசையாத உடல். எனவே டர்பைனில் பிறக்கும் முறுக்கு விசை, எஞ்சின் தந்ததும் ஸ்டேட்டர் தந்ததும் சேர்ந்த கூட்டுத்தொகை. கார் நின்ற நிலையில் அது எஞ்சினுடையதைப்போல ஏறக்குறைய இரு மடங்காக இருக்கும். இதனால் சக்தி பெருகிவிட்டதாக எண்ணலாகாது. வேகத்தை விட்டுக்கொடுத்து விசையை வாங்கிக்கொண்ட வியாபாரமே இது. டர்பைனின் வேகம் இம்பெல்லரின் வேகத்தில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கை எட்டும்போது எண்ணெய் ஸ்டேட்டர் இதழ்களின் முதுகில் மோதத் தொடங்குகிறது. ஒரு திசையில் மட்டும் பிடிக்கும் கிளட்ச் அதைத் தளர்த்திவிட, ஸ்டேட்டரும் மற்றவற்றோடு சேர்ந்து சுழல்கிறது. அத்துடன் அந்த வியாபாரமும் முடிகிறது.

இனி ஓர் உண்மையான காரை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாநிலத்து ஆர்லிங்டன் தொழிற்சாலையில் 1994 முதல் 1996 வரை உற்பத்தியான ஷெவர்லே இம்பாலா எஸ்எஸ், அந்நாட்டு ரசிகர்கள் இன்றும் பேணிப் பாதுகாக்கும் பெரிய செடான். போலீஸாருக்கும் டாக்ஸிக்காரர்களுக்கும் உழைத்த காப்ரிஸ் காரின் உடல் அதற்கு. 1,800 கிலோவுக்கு மேற்பட்ட எடை. கார்வெட் ஸ்போர்ட்ஸ் காரினுடையதற்கு உறவான 5.7 லிட்டர் எல்டி-1 எஞ்சின், 260 குதிரைச் சக்தி, ஏறக்குறைய 447 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை. கார்வெட்டில் அலுமினியமாக இருந்த சிலிண்டர் தலைகள் இதில் வார்ப்பிரும்பு. கேம்ஷாஃப்டும் தாழ்ந்த வேகத்திலேயே விசையைத் தருமாறு அமைக்கப்பட்டது. 4எல்60-இ என்ற நான்கு கியர் ஆட்டோமேட்டிக்கின் முதல் கியர் விகிதம் 3.06, பின் அச்சின் விகிதம் 3.08; இரண்டையும் பெருக்கினால் 9.42. அதன்மேல் கன்வெர்ட்டரும் இரட்டித்துக் கொடுக்கிறதென்றால், கிளம்பும் கணத்தில் எஞ்சினின் விசை ஏறக்குறைய பத்தொன்பது மடங்காகி அச்சை அடைகிறது.

இப்படியிருந்தும் அந்தக் கார் சிக்னலிலிருந்து சற்றுத் தயங்கியே புறப்படுவதாக அதன் சொந்தக்காரர்கள் குறைபடுவதேன்? சக்கரத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு ஆக்ஸிலரேட்டரை முழுதும் அமுக்கினால், எண்ணெயின் எதிர்ப்பு எஞ்சினின் விசைக்குச் சமமாகும் ஒரு வேகத்துக்குமேல் எஞ்சினால் ஏற முடியாது. அதற்கு ஸ்டால் வேகம் என்று பெயர். கம்பெனி கன்வெர்ட்டரில் அது நிமிஷத்துக்கு 1,700 சுற்று என்று கொள்வோம். அந்த எஞ்சின் தன் முழுச் சக்தியையும் கொடுப்பது 5,000 சுற்றை ஒட்டி. ஆகவே புறப்படும் முதல் சில மீட்டர் தூரத்துக்கு, எஞ்சின் தன் சக்தியில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டித்தான் வெளிப்படுத்துகிறது. மீதியெல்லாம் பெட்டியில் பூட்டிய பொன்னாக உள்ளே கிடக்கிறது. ஸ்டால் வேகத்தை உயர்த்தினால் பெட்டி சீக்கிரம் திறக்கும். கன்வெர்ட்டர் மாற்றத்தின் நோக்கம் முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிடும்.

உயர்த்தும் வழி, கூட்டைச் சிறிதாக்குவது. இங்கேதான் திரவ இயக்கவியலின் ஓர் அழகிய விதி குறுக்கிடுகிறது: கன்வெர்ட்டர் உறிஞ்சும் முறுக்கு விசை, சுழலும் வேகத்தின் இருமடிக்கும் விட்டத்தின் ஐந்தாம்மடிக்கும் ஏற்ப வளர்கிறது. 300 மில்லிமீட்டர் விட்டத்தை 240 ஆகக் குறைத்தால் நாம் குறைத்தது ஐந்தில் ஒரு பங்குதான், ஆனால் 1.25 என்ற விகிதத்தை ஐந்து முறை பெருக்கினால் மூன்றுக்குச் சற்று மேல் வருவதால், அதே வேகத்தில் எண்ணெயின் பிடி மூன்றில் ஒரு பங்காகத் தளர்ந்துவிடுகிறது. அதே விசையைத் தாங்க வேண்டுமானால் வேகம் மூன்றின் வர்க்கமூலத்தின் அளவுக்கு, அதாவது ஏறக்குறைய ஒன்றேமுக்கால் மடங்கு உயர வேண்டும். 1,700 சுற்று ஏறக்குறைய 3,000 ஆகிவிடுகிறது. இதழ்களின் கோணத்தையும் ஸ்டேட்டரின் வடிவத்தையும் மாற்றியும் இந்த எண்ணை நகர்த்தலாம். ஒரே விட்டமுள்ள இரு கன்வெர்ட்டர்கள் இருவேறு சுபாவம் கொண்டிருப்பது அதனால்தான்.

பலன் உடனே தெரிகிறது. தூங்கி எழுவதுபோல் கிளம்பிய கார், கால் பட்டதும் எஞ்சின் சட்டென மேலேறிப் பிடித்துக்கொள்ள, தன் பருமனை மறந்து பாய்கிறது. ஆனால் இயற்கை எதையும் இலவசமாகத் தருவதில்லை. சக்கரம் நிற்கையில் எஞ்சின் செலுத்தும் சக்தியெல்லாம் வெப்பமாகத்தான் மாற முடியும். 3,000 சுற்றில் 440 நியூட்டன் மீட்டர் என்பது ஏறக்குறைய 140 கிலோவாட். ஒரு கிலோவாட் மின்சார ஹீட்டர்கள் நூற்று நாற்பதை அந்தச் சிறிய கூட்டுக்குள் ஒருசேர எரியவிட்டதற்குச் சமம். உள்ளே நான்கு கிலோ எண்ணெய் இருப்பதாகக் கொண்டு, எஃகு ஏற்கும் பங்கை ஒதுக்கிவிட்டுக் கணக்கிட்டால், ஒவ்வொரு வினாடிக்கும் அதன் வெப்பநிலை பதினேழு டிகிரி ஏறும். பாய்ச்சல் ஓரிரு வினாடியில் முடிந்துவிடுவதால் பெரும் கேடு நேர்வதில்லை. ஆனால் வெயில் காலத்து நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து செல்லும்போது, தளர்ந்த பிடியின் வழுக்கல் ஒவ்வொன்றும் எண்ணெயைச் சிறிது சிறிதாகச் சுடவைக்கிறது. கருகிய எண்ணெய் கியர்பாக்ஸின் கிளட்ச் தட்டுகளைக் காப்பாற்றுவதில்லை. ஆகையால் ரேடியேட்டரின் முன் தனியாக ஓர் எண்ணெய்க் குளிர்விப்பானைப் பொருத்துவதை அலங்காரமாகக் கருதாமல், கன்வெர்ட்டரின் விலையிலேயே சேர்ந்த செலவாகக் கருதவேண்டும்.

நெடுஞ்சாலையில் வேறொரு பாதுகாப்பு அவசியம். இம்பாலாவின் 255/50 டயர் ஒரு சுற்றில் ஏறக்குறைய 2.16 மீட்டர் உருளும். நான்காம் கியரின் 0.70 விகிதத்தில் மணிக்கு 110 கிலோமீட்டரில் செல்லும்போது, வழுக்கலே இல்லையென்றால் எஞ்சின் 1,830 சுற்றில் சாவதானமாகச் சுழலும். 3,000 ஸ்டால் கொண்ட கன்வெர்ட்டரை எண்ணெயை மட்டும் நம்பி அங்கே விட்டால், சிறு ஏற்றம் வந்தாலும் எஞ்சின் அலறும், எரிபொருள் வீணாகும், வெப்பம் ஏறும். இதைத் தடுப்பது கூட்டுக்குள்ளேயே இருக்கும் லாக்-அப் கிளட்ச்; குறித்த வேகத்தில் அது டர்பைனைக் கூட்டின் சுவரோடு இறுகப் பிடித்து, எண்ணெயின் மத்தியஸ்தம் தேவையற்றதாக்கிவிடுகிறது. தெருவில் ஓடும் காருக்கு லாக்-அப் இல்லாத கன்வெர்ட்டரைப் பூட்டுவது, பந்தயத்தின் சில வினாடிகளுக்காகப் பிரயாணத்தின் பல மணி நேரங்களை விற்றுவிடுவதாகும். லாக்-அப் எப்போது பிடிக்க வேண்டும், கியர் எப்போது மாற வேண்டும் என்று காரின் கம்ப்யூட்டருக்கும் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். பழைய உடன்படிக்கையின் ஷரத்துகள்தாம் அதன் நினைவில் இருக்கின்றன.

பூட்டும் வேலையில் ஓர் இடம் மெக்கானிக்கின் கைகளுக்குப் பரீட்சை. கன்வெர்ட்டருக்குள் முதலில் ஒரு லிட்டர் எண்ணெயை ஊற்றி, அதை இரு கைகளாலும் ஏந்திக் கியர்பாக்ஸின் வாயில் செலுத்தி, மெல்லத் திருப்பிக்கொண்டே உள்நோக்கி அழுத்துகிறார். டர்பைனின் பற்கள் தண்டில் விழுகின்றன. ஸ்டேட்டரின் பற்கள் தம் இடத்தில் விழுகின்றன. கடைசியாக, கன்வெர்ட்டரின் கழுத்து கியர்பாக்ஸின் எண்ணெய்ப் பம்ப்பில் கோத்துக்கொள்கிறது. ஒவ்வொரு முறையும் ‘டக்’ என்ற ஒரு சிறு ஓசை. கூடு ஒரு படி உள்ளே இறங்குகிறது. மூன்றாவது ஓசை கேட்காத நிலையில் அவசரப்பட்டு எஞ்சினோடு சேர்த்துப் போல்ட்டுகளை முறுக்கினால், கார் ஓர் அடி நகருமுன்பே பம்ப் உடைந்துபோகும். சரியாக அமர்ந்ததா என்பதற்கு ஒரு சாட்சி உண்டு: எஞ்சினையும் கியர்பாக்ஸையும் சேர்த்துப் பூட்டிய பின்பும், கன்வெர்ட்டர் கையால் தள்ளினால் இலகுவாகச் சுழல வேண்டும், அதற்கும் எஞ்சினின் பின்முனைத் தட்டாகிய ஃப்ளெக்ஸ்பிளேட்டுக்கும் இடையே ஏறக்குறைய மூன்று முதல் ஐந்து மில்லிமீட்டர் இடைவெளி தெரியவேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலானது பொருத்தம். எஞ்சினில் பந்தய ரகக் கேம்ஷாஃப்ட்டைப் பூட்டியவருக்கு உயர்ந்த ஸ்டால் உண்மையிலேயே தேவை. தாழ்ந்த வேகத்தில் அவருடைய எஞ்சின் விசையிழந்து நிற்பதால், இறுக்கமான கன்வெர்ட்டர் சிக்னலிலேயே அதன் மூச்சைத் திணறவைக்கும். ஆனால் தாழ்ந்த வேகத்திலேயே தாராளமாக விசை தரும் சாதாரண எல்டி-1 எஞ்சினுக்கு 4,000 சுற்று ஸ்டாலை மாட்டினால், அந்த எஞ்சினின் சிறந்த குணத்தையே வழுக்கலில் கரைத்துவிட்டவராவோம். அதற்கு 2,400 முதல் 3,000 வரை போதும். பின் அச்சை 3.73 விகிதத்துக்கு மாற்றியவருக்கு, கார் சீக்கிரமே நகர்ந்துவிடுவதால், அதனினும் குறைவாகவே போதும். ஃபெட்டிங்கர் டர்பைனை மெதுவாகச் சுழல வற்புறுத்தவில்லை. விசிறியை விரைந்து சுழல வற்புறுத்தவுமில்லை. இரண்டின் இயல்பையும் அறிந்துகொண்டு, அதற்குப் பிறகே நடுவில் இருக்கவேண்டியதை வடிவமைத்தார்.

கன்வெர்ட்டர் வாங்கப் புறப்படும் அன்பருக்கும் அதே ஒழுங்குமுறைதான் பிரயோஜனப்படும். காரின் எடை, பின் அச்சின் விகிதம், டயரின் அளவு, எஞ்சின் எந்த வேகத்தில் விசையைத் தருகிறது என்ற நான்கையும் ஒரு காகிதத்தில் முதலில் எழுதிக்கொள்ளட்டும். அதன்கீழ் ஐந்தாவதாக, வாரத்தின் ஏழு நாட்களில் எத்தனை நாள் இந்தக் கார் தம்மை அலுவலகத்துக்கு அழைத்துச் செல்கிறது என்பதையும் உள்ளபடி எழுதட்டும். விட்டம் எத்தனை மில்லிமீட்டர் என்ற கேள்விக்கு அந்த ஐந்தாவது வரியே பெரும்பாலும் விடை சொல்லிவிடும்.