கறுப்புத் திரையில் நீலம் ஏன் மங்குகிறது?

கறுப்புப் பின்னணியில் கோட் எழுதுவோருக்கு இது நன்றாகத் தெரியும்: பச்சை எழுத்து பளிச்சென்று நிற்கும், நீல எழுத்தைக் கண்ணை இடுக்கித்தான் படிக்க வேண்டும். இரண்டையும் திரை முழு வீச்சில்தான் ஒளிரவிடுகிறது. ஆனால் நம் கண் உணரும் பிரகாசத்தில் பச்சையின் பங்கு சுமார் 72 சதவீதம், சிவப்பு 21, நீலம் வெறும் 7. அதனால் கறுப்பின் மேல் முழுப் பச்சையின் கான்ட்ராஸ்ட் விகிதம் 15.3:1 என்றால், முழு நீலத்துக்கு 2.4:1தான். டபிள்யூசிஏஜி என்ற இணைய அணுகல் நெறிமுறை சாதாரண எழுத்துக்குக் கேட்பது குறைந்தது 4.5:1.

பெயர்பெற்ற தீம்களிலும் இந்தக் குறை உண்டு. சோலரைஸ்டு டார்க்கில் கமென்ட் வரிகளின் விகிதம் ஏறத்தாழ 2.8:1. அடுத்தவர் படிப்பதற்கென்றே எழுதும் வரிகளை இப்படி மங்கவைப்பது சரியே இல்லை.

இதற்காகத் தீம் முழுவதையும் மாற்ற வேண்டாம். விஷுவல் ஸ்டுடியோ கோடின் செட்டிங்ஸில் ‘டோக்கன் கலர் கஸ்டமைசேஷன்ஸ்’ வழியாகக் கமென்ட்டுக்கு மட்டும் வேறு நிறம் கொடுக்கலாம். டெர்மினலுக்கு ‘மினிமம் கான்ட்ராஸ்ட் ரேஷியோ’ இருக்கிறது. எழுத்து மங்கினால் நிறத்தைத் தானே திருத்திவிடும். நீலம்தான் வேண்டுமென்றால் அதில் கொஞ்சம் பச்சையும் சிவப்பும் சேர்த்து வெளிர்நீலமாக்குங்கள். தெளிவாகப் படிக்க வரும்.