பத்து ரூபாய்க் காசை யார் முதலில் வாங்குவது?

தமிழகத்தின் பல ஊர்களில் பெட்டிக்கடையில் பத்து ரூபாய் நாணயத்தை நீட்டினால் கிடைக்கும் பதில் ஏறக்குறைய ஒன்றுதான்: "காயின் இங்க ஓடாதுங்க, நோட்டா குடுங்க." அதே கடைக்காரர், நடுவில் கிழிந்து செல்லோடேப் ஒட்டி, எழுத்தெல்லாம் தேய்ந்துபோன பத்து ரூபாய் நோட்டை மறுபேச்சில்லாமல் வாங்கிக் கல்லாவில் போடுவார். ஆண்டுக்கணக்கில் உழைக்கும் உலோகம் செல்லாது, சீக்கிரமே நைந்துபோகும் தாள் செல்லும் என்ற இந்த விசித்திரத்தை, மக்களின் அறியாமை என்று சொல்லி முடித்துவிடுவது வழக்கம். அதில் எனக்கு உடன்பாடில்லை. நாணயத்தை மறுக்கிறவர்களில் பெரும்பாலோருக்கு அது நல்ல காசு என்பது தெரியும். அடுத்தவர் வாங்கமாட்டார் என்பதும் தெரியும். சிக்கல் முழுக்க அந்த அடுத்தவரிடம்தான் இருக்கிறது.

இந்த நாணயம் செல்லாது என்ற வதந்தி முளைத்த இடத்தில் பெரிய மர்மம் இல்லை. வெளிவட்டம் பொன்னிறமாகவும் உள்வட்டம் வெள்ளி நிறமாகவும் உள்ள இந்த நாணயம் பல வடிவங்களில் வந்தது. ரூபாய்க்கான குறியீடு 2010இல்தான் ஏற்கப்பட்டது. அதனால் 2011 முதல் வந்த நாணயங்கள் பலவற்றில் குறியீடும் 10 கதிர்களும் இருக்கும். அதற்கு முந்தையவை சிலவற்றில் குறியீடு இருக்காது, 15 கதிர்கள் இருக்கும். "பதினைந்து கோடு இருந்தால் கள்ளக்காசு" என்று வாட்ஸ்அப் தீர்ப்பு எழுதியது. அப்போது புழக்கத்தில் இருந்த 14 வடிவங்களும் செல்லும் என்று 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி விளக்கம் கொடுத்தது. வதந்திதான் காரணம் என்றால் தொல்லை அன்றோடு தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை. இன்று மறுக்கிறவர் கதிர்களை எண்ணிப் பார்த்துவிட்டு மறுப்பதும் இல்லை. எந்த வடிவமாக இருந்தாலும் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறார்.

காரணம் எளிது. கடைக்காரர் வாங்கும் காசைப் பால்காரருக்கோ மொத்த வியாபாரிக்கோ கொடுத்தாக வேண்டும்; வாடிக்கையாளருக்கு மீதியாகவாவது தள்ளியாக வேண்டும். அவர்கள் முகம் சுளித்தால் காசு கல்லாவிலேயே தங்கிவிடும். ஆக, அவரளவில் மறுப்பது புத்திசாலித்தனம். எல்லோரும் தனித்தனியே புத்திசாலியாக நடந்துகொள்ளும்போது நல்ல காசு ஒன்று ஊரளவில் செல்லாக்காசாகிவிடுகிறது. ஐந்து ரூபாய் நாணயத்தை எவரும் மறுப்பதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்; அதை அடுத்தவர் வாங்கிக்கொள்வார் என்று எல்லோருக்கும் தெரியும். சென்னையில் சாதாரணமாகக் கைமாறும் பத்து ரூபாய்க் காசு சில மாவட்டங்களில் நின்றுபோவதற்கும் இதுதான் விளக்கம். சட்டம் இரண்டு இடத்திலும் ஒன்றே, பழக்கம்தான் வேறு.

"காசு கனக்கிறது, வங்கியிலும் வாங்க மாட்டேன் என்கிறார்கள்" என்பது வியாபாரிகளின் வாதம். முதல் பாதி உண்மை. ஒரு நாணயத்தின் எடை 7.71 கிராம், ஆயிரம் ரூபாய் என்றால் முக்கால் கிலோவுக்கு மேல். ஆனால் அதே ஆயிரத்தை ஐந்து ரூபாய்க் காசாகச் சேர்த்தால் எடை இதைவிடக் கூடும், அதை வாங்குகிறார்கள். வங்கிக் கிளைகள் நாணயங்களை ஏற்றாக வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. கவுன்டரில் அலுத்துக்கொள்ளும் ஊழியரால்தான் பாதித் தொல்லை என்ற புகாரில் நியாயம் இருக்கிறது. தருமபுரி மாவட்டத்து இளைஞர் ஒருவர் 2022இல் சுமார் 6 லட்சம் ரூபாயைப் பத்து ரூபாய் நாணயங்களாகவே கொடுத்துக் கார் வாங்கியது செய்தியானது. நாணயம் செல்லும் என்று காட்டத்தான் அப்படிச் செய்தார். 2011ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி ஒரு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள நாணயங்களில் 1000 ரூபாய் வரை கொடுப்பதே சட்டப்படி செல்லுபடியாகும். அதற்கு மேல் ஏற்றுக்கொண்டது விற்றவரின் பெருந்தன்மை. சாதனை பெரிதுதான். ஆனால் ஒரு நாள் அதிசயம், தெருமுனைக் கடையின் கணக்கை மாற்றாது.

"ஜிபே வந்த பிறகு சில்லறைப் பேச்சு எதற்கு?" என்று கேட்பவர்களும் உண்டு. 2016இல் வந்த யுபிஐ சில்லறைத் தொல்லையைப் பெருமளவு குறைத்தது என்பதை மறுக்க முடியாது. மீதிக்குப் பதிலாகச் சாக்லேட்டைத் திணிக்கும் வழக்கமும் அதனால் மட்டுப்பட்டது. ஆனால் டவுன் பஸ்ஸில் ஏறும் முதியவரிடமும், கூடையில் பூ விற்கும் அம்மாவிடமும் கைப்பேசியை நீட்டச் சொல்ல முடியாது. பத்து ரூபாயைக் கையில் வைத்துப் புழங்குகிறவர்கள் பெரும்பாலும் இவர்கள்தான். மறுக்கப்படும் நாணயத்தின் நஷ்டமும் இவர்கள் தலையில்தான் விழுகிறது.

ஆகவே இன்னொரு விளக்க அறிக்கையால் பயனில்லை. நாள்தோறும் காசு வாங்கவும் கொடுக்கவும் செய்யும் இடங்கள் சங்கிலியை அறுக்க வேண்டும்: அரசுப் பேருந்து, ரேஷன் கடை, ஆவின் பாலகம், டாஸ்மாக். நடத்துநர் மறுக்காமல் வாங்கி, மீதியாகவும் அதையே கொடுத்தால், அந்தத் தடத்தில் உள்ள கடைகளுக்குத் தயங்கக் காரணம் இருக்காது. வாசகர்களுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. மீதியில் பத்து ரூபாய் நாணயம் வந்தால் "நோட்டா குடுங்க" என்று சொல்லாமல் வாங்கிக்கொள்ளுங்கள்.